கரையோரச் சமுதாய வானொலிக்கு ஆள் பழக்குவது எப்படி: 5 நாள் பயிற்சி, 3 மாதத் தொடர்ச்சி

ஓர் ஊரின் மக்களுக்காக அந்த ஊரிலிருந்தே ஒலிபரப்பாகும் சிறு வானொலிதான் சமுதாய வானொலி. அதற்கு உதவ நினைப்பவர்கள் பெரும்பாலும் கருவி வாங்கித் தருவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். டிரான்ஸ்மிட்டர், மிக்ஸர், கணினி எல்லாம் வந்து இறங்கிவிடும். அந்த ஊர் மனிதர்களின் குரலைப் பதிந்து நிகழ்ச்சியாக்கத் தெரிந்தவர் மட்டும் இருக்க மாட்டார். கடைசியில் நாள் முழுக்கப் பாட்டு ஓடும். இந்தியாவில் ஒரு சமுதாய வானொலியின் நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதியாவது உள்ளூர் மக்களின் பங்கேற்போடு உள்ளூரிலேயே தயாராக வேண்டும் என்பது விதி. அதற்கு ஆள் பழக்குவதுதான் முதல் வேலை.

பாம்பனில் கடல் ஓசை, நாகை மாவட்டம் விழுந்தமாவடியில் களஞ்சியம் என்று தமிழகக் கடலோரத்தில் இப்படிப்பட்ட வானொலிகள் உண்டு. அதுபோன்ற ஒரு நிலையத்துக்கு, 12 பேரை 5 நாளில் தயார்செய்யும் முறையைக் கீழே தருகிறோம். மலைக்கிராமமோ நகரக் குடியிருப்போ, உதாரணங்களை மாற்றிக்கொண்டால் அங்கும் செல்லும்.

படி 1: விதி எதுவரை விடுகிறது என்று பாருங்கள்

அலைவரிசை மக்கள் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் சொன்னது. கல்வி நிறுவனங்களுக்கு 2002 இறுதியிலும் தொண்டு நிறுவனங்களுக்கு 2006-லும் உரிமம் பெற வழி பிறந்தது. ஆனால் செய்தியும் நாட்டு நடப்பும் சொந்தமாகத் தயாரித்து ஒலிபரப்ப அனுமதி இல்லை. அரசு வானொலியான ஆகாசவாணியின் செய்தி அறிக்கையை வெட்டாமல் மாற்றாமல் மறு ஒலிபரப்புச் செய்யலாம், அவ்வளவுதான். நேபாளத்தில் இந்தத் தடை இல்லை. 1997-ல் தொடங்கிய ரேடியோ சாகர்மாதா அங்கே செய்தியும் தருகிறது.

இதைக் கேட்டதும் பயிற்சிக்கு வந்தவர்கள் சோர்ந்துபோவார்கள். அனுமதிக்கப்பட்டவற்றின் பட்டியலைப் பலகையில் எழுதிக் காட்டுங்கள்: வானிலை, பேரிடர் எச்சரிக்கை, உள்ளூர் விளையாட்டு, திருவிழா, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு, மின்தடை, குடிநீர், சுகாதார எச்சரிக்கை. ஓர் ஊரின் அன்றாடத் தேவையில் பெரும்பகுதி இதற்குள்ளேயே இருக்கிறது. சரிபார்க்கும் பழக்கம் இல்லாமல் இதில் எதையும் சொல்ல முடியாது. செய்தி தடைசெய்யப்பட்டிருந்தாலும் செய்தியாளரின் ஒழுக்கம் அத்தனையும் தேவைப்படும்.

படி 2: ஆள் சேருங்கள்

12 பேருக்கு மேல் வேண்டாம். 3 பேர் வீதம் 4 குழு, 2 பயிற்றுநர். பாதிப் பேராவது பெண்களாக இருக்கட்டும். கரைக்கு வந்த மீன் கூடைக்குப் போய், சந்தைக்குப் போய், காசாகி வீடு திரும்பும்வரை அதைப் பின்தொடர்பவர்கள் அவர்கள்தான்.

நேரத்தைக் காலை 10 முதல் மாலை 4 வரை வையுங்கள். அதற்கு முன்னால் கரையில் ஏலம், அதற்குப் பின்னால் சமையலும் பிள்ளைகளும். நாள் முழுக்க வேலையை விட்டுவிட்டு வருபவருக்கு அந்த நாள் கூலியை ஈடுகட்டும் தொகை தர வேண்டும். இந்த ஒரு வரியைச் செலவுத் திட்டத்தில் விட்டுவிட்டால், மூன்றாம் நாள் கல்லூரி மாணவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகிறவர்கள் கரையில் இருக்கும் அந்த நாட்களில் பயிற்சி வைப்பது நல்லது.

படி 3: பொருள் வாங்குங்கள்

குழுவுக்கு ஒன்றாக 4 செல்போன் (அவர்களுடையதே போதும்), வயர் உள்ள காலர் மைக் 4, மைக்குக்குப் பஞ்சு உறை 8, ஹெட்போன் 4, பவர் பேங்க் 4, 64 ஜிபி பென்டிரைவ் 2, ஆடாசிட்டி நிறுவிய மடிக்கணினி 2. ஆடாசிட்டி ஒலிப்பதிவை வெட்டி ஒட்ட உதவும் இலவச மென்பொருள், பழைய கணினியிலும் ஓடும். உப்புக்காற்றில் மைக்கின் முனை சீக்கிரம் அரித்துவிடும் என்பதால் மூடி இறுக்கமான டப்பாவும் சில சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் அவசியம்.

மைக் வாங்கும்போது முனையில் உள்ள கருப்பு வளையங்களை எண்ணுங்கள். மூன்று வளையம் இருந்தால் செல்போனுக்கானது. இரண்டு இருந்தால் கேமராவுக்கோ ரெக்கார்டருக்கோ ஆனது. இரண்டு வளைய மைக்கைப் போனில் செருகினால் எந்த எச்சரிக்கையும் வராது. போன் தன் சொந்த மைக்கிலேயே பதிந்துகொண்டிருக்கும், நீங்கள் காலர் மைக்கில் பதிவாகிறது என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். சந்தேகம் தீர ஒரு வழி: பதிவை ஓடவிட்டு மைக்கின் தலையை நகத்தால் சுரண்டுங்கள். திரையில் அலை துள்ளினால் சரி. துள்ளாவிட்டால் மைக் வேலை செய்யவில்லை. டைப்-சி மாற்றி போட்டு இணைப்பவர்களுக்கும் இதே சோதனைதான். சில மாற்றிகள் ஒலியை வெளியே அனுப்புமே தவிர உள்ளே வாங்காது.

முதல் நாள்: கேட்கப் பழகுதல்

கருவியைத் தொட வேண்டாம். காலையில் குழுக்களைக் கரை, பேருந்து நிறுத்தம், ரேஷன் கடை, பள்ளி வாசல் என்று அனுப்பி, ஒரு மணி நேரம் பேச்சைக் கேட்டு வரச் சொல்லுங்கள். திரும்பியதும் ஒவ்வொருவரும் 3 கேள்விகள் எழுத வேண்டும். தனக்குத் தோன்றிய கேள்வி கூடாது. அங்கே ஜனங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்ட கேள்வியாக இருக்க வேண்டும். அந்த 36 கேள்விகள்தான் அடுத்த 3 மாத நிகழ்ச்சிகளுக்கு விதை.

இலங்கையில் 1981-ல் யுனெஸ்கோ ஆதரவோடு தொடங்கிய மகாவலி சமுதாய வானொலியின் தயாரிப்பாளர்கள் வாரக்கணக்கில் கிராமங்களில் தங்கிய பிறகே நிகழ்ச்சி செய்தார்கள். நமக்குக் கிடைப்பது ஒரு காலைப்பொழுது. ஆனாலும் அதைத் தவிர்த்துவிடாதீர்கள்.

இரண்டாம் நாள்: பதிவு

போனை விமானப் பயன்முறையில் போடுங்கள். இல்லையென்றால் பேட்டி நடுவில் அழைப்பு வந்து பதிவு நின்றுவிடும். பதிவுச் செயலியில் கோப்பு வகை வேவ் (WAV), 44.1 கிலோஹெர்ட்ஸ், மோனோ என்று வையுங்கள். இதில் நிமிடத்துக்குச் சுமார் 5.3 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 320 எம்பி அளவு இடம் பிடிக்கும். காலையிலேயே 2 ஜிபி காலியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

காலர் மைக் மோவாயிலிருந்து ஒரு சாண் கீழே, புடவை மடிப்பும் தாலிச் சங்கிலியும் உரசாத இடத்தில் இருக்கட்டும். கையில் பிடித்தால் வாயிலிருந்து நாலு விரலுக்கு மேல் ஒரு சாணுக்குள். பேசும்போது திரையில் தெரியும் ஒலி அளவுமானி மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் இடையில் ஆடட்டும். பூஜ்யத்தைத் தொட்டு உடைந்த ஒலியை எந்த மென்பொருளாலும் முழுமையாக மீட்க முடியாது. சற்றுக் குறைவாகப் பதிவானதைக் கூட்டிக்கொள்ளலாம்.

கடற்கரையில் பெரிய எதிரி காற்று. பேசுபவரின் முதுகில் காற்று படும்படி நிற்க வைத்து, பஞ்சு உறை ஒன்றின் மேல் இன்னொன்றைப் போடுங்கள். அப்படியும் இரைந்தால் கவிழ்த்த படகின் மறைவுக்கோ வலைக்கூடத்துக்கோ போய்விடுங்கள்.

10 நொடி பதிந்து, ஹெட்போனில் கேட்டுவிட்டுத்தான் பேட்டியை ஆரம்பிக்க வேண்டும். பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் 30 நொடி அந்த இடத்தின் ஒலியை மட்டும் பதியுங்கள். வெட்டி ஒட்டும்போது இடைவெளியை நிரப்ப அது வேண்டும். புதியவர்கள் தவறாமல் மறப்பது இதைத்தான்.

மூன்றாம் நாள்: பேட்டி

மைக் கைக்கு வந்ததும் பலருக்குப் பேச்சு மாறிவிடும். அதுவரை அக்கா, அண்ணே என்றவர் திடீரென்று “தங்கள் கருத்து என்ன?” என்பார். எதிரில் இருப்பவரும் விறைத்துப்போவார். தினமும் எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படியே கூப்பிடச் சொல்லுங்கள்.

ஆம், இல்லை என்று முடிந்துவிடும் கேள்வி வானொலிக்கு உதவாது. மீன் விற்கும் பெண்ணிடம் ஒருவர் இப்படிக் கேட்பதாக வைத்துக்கொள்வோம்:

“ஐஸ் விலை ஏறிடுச்சா அக்கா?”
“ஆமா, ஏறிடுச்சு.”

பேட்டி முடிந்தது. அதே ஆளிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

“காலையில ஏலத்துல மீன் எடுத்ததுலருந்து கூடை காலியாகுற வரைக்கும் இன்னிக்கு எங்கெங்க காசு செலவாச்சு, சொல்லுங்கக்கா.”

இப்போது ஐஸ், ஆட்டோ, சந்தையில் இடத்துக்குக் கொடுத்தது, விற்காமல் நின்ற மீன் எல்லாம் வரிசையாக வரும். ஒரு கேள்வி கேட்டுவிட்டு மூன்று நொடி பொறுத்திருங்கள். அந்த மௌனத்துக்குப் பிறகு வருவதுதான் பெரும்பாலும் நல்ல பகுதி. “ம்ம்”, “சரி சரி” என்று சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டப் பழக்குங்கள். மேலே விழுந்த “ம்ம்” ஒலியை வெட்டி எடுக்க வழியில்லை.

காற்றுகளைக் கொண்டல், கச்சான், வாடை என்று பேட்டி கொடுப்பவர்கள் சொன்னால் அப்படியே விடுங்கள். பாடப்புத்தகச் சொல்லுக்கு மாற்றினால் கேட்பவருக்கு அது வேறு யாருடைய வானொலியோ ஆகிவிடும்.

பதியும் முன் மூன்று விஷயங்களைச் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும்: எந்த வானொலி, எதற்காக, எப்போது வரும். ஒப்புதலையும் பதிவிலேயே வாங்கிவிடுங்கள். சிறுவர் என்றால் பெற்றோர் சம்மதமும் தேவை. குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தை, பாலியல் வன்முறைக்கு உள்ளானவர் ஆகியோரின் அடையாளத்தை வெளியிடச் சட்டமே தடை போடுகிறது. பெயரை மறைத்துவிட்டுத் தெருவையும் அப்பா தொழிலையும் சொன்னாலும் சின்ன ஊரில் அது அடையாளம்தான். இதை அரை மணி நேரமாவது பேசாமல் அடுத்த பாடத்துக்குப் போகாதீர்கள்.

நான்காம் நாள்: சரிபார்த்து எழுதுதல், வெட்டுதல்

காலைப் பயிற்சிக்கு வானிலை அறிவிப்பு ஒன்றை எடுங்கள். அதன் நடை இப்படி இருக்கும்: “மன்னார் வளைகுடா, குமரிக்கடல் பகுதிகளில் சூறாவளிக்காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும். மேற்குறிப்பிட்ட பகுதிகளுக்கு மீனவர்கள் செல்ல வேண்டாம் என அறிவுறுத்தப்படுகிறார்கள்.”

இதைக் காதுக்கு எழுதினால்: “இன்னிக்கு மன்னார் வளைகுடாவுக்கும் குமரிக்கடலுக்கும் யாரும் போக வேண்டாம். சென்னை வானிலை மையம் மதியம் 1 மணிக்குச் சொன்ன தகவல் இது. காத்து 45லருந்து 55 கிலோமீட்டர் வேகத்துல வீசலாம், நடுநடுவுல 65 வரைக்கும் போகலாம்.”

செய்ய வேண்டியது முதலில் வருகிறது. யார், எப்போது சொன்னது என்பது அடுத்து. எண்ணில் ஒன்றுகூட மாறக் கூடாது. “பலத்த காத்தாம்” என்று சுருக்கினால், நாட்டுப்படகுக்காரர் தன் அனுபவத்தை வைத்துத் துணிந்து இறங்கிவிடுவார். வாட்ஸ்அப்பில் வந்த எச்சரிக்கை எதுவானாலும் வானிலை மையத்தின் அறிக்கையோடோ, ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையத்தின் அலை அறிவிப்போடோ ஒப்பிட்ட பிறகே வாசிக்க வேண்டும். பழைய அறிவிப்பு தேதியில்லாமல் சுற்றுவது வழக்கம்.

மதியம் வெட்டும் வேலை. 15 நிமிடப் பதிவிலிருந்து 5 நிமிட நிகழ்ச்சி. புதியவர்களுக்கு 2 மணி நேரமாவது பிடிக்கும். மூலப் பதிவை முதலில் பென்டிரைவில் நகல் எடுத்துவிட்டு, நகலில் மட்டும் கைவையுங்கள். கோப்பைப் போனிலிருந்து வாட்ஸ்அப் குரல் செய்தியாக அனுப்பினால் தரம் நசுங்கும். ஆவணமாக இணைத்தால் அப்படியே வரும். காற்றின் உறுமலுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியை ஆடாசிட்டியில் வடிகட்டி நீக்கினால் போதும். இரைச்சல் நீக்கியை அதிகம் முடுக்கினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். இன்னொரு எச்சரிக்கை: ஒருவர் சொன்ன பதிலை வேறொரு கேள்விக்குப் பின்னால் ஒட்டக் கூடாது. இதற்கு விலக்கே கிடையாது.

ஐந்தாம் நாள்: ஒலிபரப்பு

4 குழுவின் 4 நிகழ்ச்சிகளும் அன்றே ஒலிபரப்பாக வேண்டும். சான்றிதழைவிட இதுதான் ஆளைக் கட்டிப்போடும். ஒலிபரப்புக்கு முன் பேட்டி கொடுத்தவர்களுக்குப் போன் செய்து நேரத்தைச் சொல்லுங்கள். பிறகு குழுக்களை ஸ்டுடியோவில் உட்கார வைக்காமல், அவர்களோடு சேர்ந்து வீட்டிலோ கடையிலோ கேட்க அனுப்புங்கள். யார் எந்த இடத்தில் பேச்சைத் தொடங்கினார்கள், எங்கே எழுந்து போனார்கள் என்று குறித்து வருவதுதான் கடைசிப் பாடம்.

ஒலிபரப்பியதை 3 மாதம் சேமித்து வைப்பது விதி. தினம் 5 மணி நேரத்தை 128 கேபிபிஎஸ் எம்பி3-ஆகச் சேமித்தால் 90 நாளைக்குச் சுமார் 26 ஜிபி. ஒரே பென்டிரைவில் அடங்கும். கோப்பின் பெயரைத் தேதி, ஊர், தலைப்பு என்ற வரிசையில் வைத்தால் தேடுவது எளிது.

அடுத்த 3 மாதம்

பண உதவி செய்பவர்கள் கைவிடும் இடம் இது. மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கையாவது இதற்கு ஒதுக்கி வைக்கச் சொல்வோம். பயிற்றுநர் ஒருவர் 15 நாளுக்கு ஒருமுறை, ஆக 6 தடவை நேரில் வர வேண்டும். ஒவ்வொரு தடவையும் குழுவுக்கு ஒரு நிகழ்ச்சி என 4 நிகழ்ச்சிகளை எல்லோரும் சேர்ந்து கேட்டு, ஒவ்வொன்றிலும் சரிசெய்ய வேண்டிய ஒன்றே ஒன்றை மட்டும் சொன்னால் போதும். பத்துக் குறை சொன்னால் அடுத்த முறை வர மாட்டார்கள்.

நிகழ்ச்சி ஒன்றுக்கு இவ்வளவு என்று சிறு தொகையும் போக்குவரத்துச் செலவும் கொடுங்கள். 2024-ல் வந்த புதிய வழிகாட்டுதலின்படி மணிக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் போடலாம். ஐஸ் கம்பெனி, வலைக்கடை, ஜவுளிக்கடை என்று உள்ளூர் விளம்பரத்தை இந்த 3 மாதத்துக்குள் பிடிக்கத் தொடங்கினால், உதவித்தொகை நின்ற பிறகும் அந்தச் சிறு தொகை நிற்காது. விளம்பரம் தருபவரைப் பற்றிய நிகழ்ச்சியை, விளம்பரம் கேட்டுப் போகாத குழுவிடம் கொடுங்கள்.

12 பேரில் 5 பேர் மூன்றாம் மாத முடிவில் பயிற்றுநர் இல்லாமலே வாரம் ஒரு நிகழ்ச்சி தருகிறார்கள் என்றால் அடுத்த அணியைச் சேர்க்கலாம். அந்த அணிக்குப் பயிற்றுநர்கள் அந்த 5 பேரிலிருந்தே வரட்டும்.