491 விசா: உறவினர் ஸ்பான்சர் செய்வதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை

ஆஸ்திரேலியாவில் சொந்தக்காரர் ஒருவர் இருந்தால் அவருடைய கையெழுத்திலேயே நிரந்தர வதிவிடம் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை புதிதாக வருகிறவர்களிடம் பரவலாக உள்ளது. உண்மையில், உறவினர் ஸ்பான்சர் செய்யக்கூடிய திறன்சார் விசாவான 491, ஐந்தாண்டு தற்காலிக விசா மட்டுமே. உறவினரின் ஆதரவு அதற்குரிய புள்ளிக் கணக்கில் 15 புள்ளிகளைச் சேர்க்கும்; மற்றத் தகுதிகள் அனைத்தும் உங்களுடையவையாக இருக்க வேண்டும்.

ஸ்பான்சர் செய்பவர் 18 வயது நிரம்பிய குடிமகனாகவோ, நிரந்தர வதிவாளராகவோ, தகுதியுள்ள நியூசிலாந்துக் குடிமகனாகவோ இருப்பதுடன், அரசு வரையறுத்த பிராந்தியப் பகுதியில் வழக்கமாக வசிப்பவராகவும் இருக்க வேண்டும். சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் ஆகிய பெருநகரங்கள் இதில் சேரா. பெர்த், அடிலெய்ட், கான்பெரா, ஜீலாங் போன்றவை சேரும். மெல்போர்னில் குடியிருந்துகொண்டு ஜீலாங்கில் ஒரு வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர் ஸ்பான்சர் ஆக முடியாது.

பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாத்தா, பாட்டி, பெற்றோரின் உடன்பிறந்தோர், அவர்களுடைய பிள்ளைகள், உங்கள் உடன்பிறந்தோரின் பிள்ளைகள் ஆகியோர் ஏற்கப்படும் உறவுகள். உங்களுடன் விண்ணப்பத்தில் சேரும் துணைவரின் இத்தகைய உறவினரும் ஸ்பான்சர் செய்யலாம். ஆனால் தந்தையின் ஒன்றுவிட்ட தம்பி, ஒரே வீட்டில் வளர்ந்தவரானாலும், இந்த வரம்புக்குள் வரமாட்டார்.

பலர் தடுமாறுவது உறவை நிரூபிக்கும் இடத்தில்தான். தாய்மாமன் ஸ்பான்சர் என்றால், தாயின் பெயருள்ள உங்கள் பிறப்புச் சான்றிதழ், தாயின் பிறப்புச் சான்றிதழ், மாமாவின் பிறப்புச் சான்றிதழ் ஆகிய மூன்றும் சங்கிலியாக இணைந்து, பின்னிரண்டிலும் ஒரே பெற்றோரின் பெயர் இருக்க வேண்டும். ஒன்றில் தலைப்பெழுத்து மட்டும், மற்றொன்றில் முழுப்பெயர் என்றிருந்தால், இருவரும் ஒருவரே என்பதற்குத் தனி ஆதாரம் தேவைப்படும். போரில் ஆவணங்களை இழந்த இலங்கைக் குடும்பங்களும், பிறப்பைப் பதியாத தமிழகக் கிராமத்துக் குடும்பங்களும் இதற்கெனப் பல மாதங்கள் ஒதுக்குவது நல்லது. தமிழில் உள்ள சான்றிதழ்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். ஆஸ்திரேலியாவில் செய்வதானால், மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சான்றளிக்கும் நாட்டி (NAATI) அமைப்பின் அங்கீகாரம் பெற்றவரிடமே கொடுங்கள். இந்த விசாவுக்கு முதலில் இணையத்தில் விருப்பப் பதிவு (Expression of Interest) செய்து, விண்ணப்பிக்கலாம் என்ற அரசின் அழைப்புக்குக் காத்திருக்க வேண்டும். அழைப்பு வந்தபின் விண்ணப்பிக்க 60 நாட்களே உண்டு என்பதால், விருப்பப் பதிவுக்கு முன்பே இவற்றைத் திரட்டிவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

அழைப்பு வரும்போது உங்களுக்கு 45 வயது நிறைந்திருக்கக் கூடாது. தொழில்திறன் மதிப்பீடும் ஆங்கிலத் தகுதியும் கட்டாயம். உறவினர் ஸ்பான்சர் செய்யும் குடும்பப் பிரிவுக்கான தொழில்பட்டியல், 491-க்கான மற்றொரு வழியான மாநில அரசின் பரிந்துரைக்குரிய பட்டியலைவிடக் குறுகியது என்பதையும் கவனியுங்கள். குறைந்தபட்சப் புள்ளி 65 என்றாலும், அதிகப் புள்ளி பெற்றவர்களுக்கே முன்னுரிமை.

விசா கிடைத்தபின் ஸ்பான்சரின் ஊரிலேயே இருக்க வேண்டியதில்லை. மாமா அடிலெய்டில் இருக்க, நீங்கள் ஹோபார்ட்டில் வேலை பார்க்கலாம். ஆனால் வசிப்பதும் வேலையும் படிப்பும் பிராந்தியப் பகுதிக்குள்ளேயே இருக்க வேண்டும். மூன்றாண்டுகளுக்குப் பின் 191 என்ற நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கையில் மூன்று ஆண்டுகளுக்கான வருமான வரி மதிப்பீட்டு அறிவிப்புகளைக் காட்ட வேண்டியிருப்பதால், முதல் ஆண்டிலிருந்தே வரிக் கணக்கைத் தவறாமல் தாக்கல் செய்து வாருங்கள்.