ரிஜிட் டைட்டானியம் வண்டியில் முதல் சவாரி: காற்றிலிருந்து தொடங்குங்கள்

சஸ்பென்ஷன் இல்லாத டைட்டானியம் மவுண்டன் பைக்கை முதன்முதலாக வெளியே எடுக்கும்போது எல்லோரும் தேடுவது ஒன்றைத்தான். டைட்டானியம் என்றால் மெத்தென்று இருக்கும் என்கிறார்களே, அது எங்கே? நானும் தேடினேன். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருந்த அதிகபட்ச அளவை ஒட்டிக் காற்றடித்துக்கொண்டு சரளைப் பாதையில் இறங்கினேன், அரை மணி நேரத்தில் இரண்டு கையும் மரத்துவிட்டது, இவ்வளவு காசைக் கொட்டி இதையா வாங்கினோம் என்று நொந்தபடி திரும்பினேன். பாவம், ஃப்ரேமைத் திட்டித் தீர்த்தேன். உண்மையில் அன்று சொதப்பியது பம்பைப் பிடித்த கை.

டைட்டானியத்தின் விறைப்பு எஃகில் ஏறக்குறைய பாதிதான், எடையும் பாதிக்குச் சற்று மேல். அதனால் நெகிழும் என்று சொல்வதில் பொய் இல்லை. ஆனால் குழாயைக் கொஞ்சம் பருமனாக்கினாலே அந்த நெகிழ்வு போய்விடும், அதோடு முக்கோணமாகப் பற்றவைத்த ஃப்ரேம் மேலும் கீழுமாக வளைவது எப்படியும் மில்லிமீட்டர் கணக்கில்தான். 2.4 அங்குல டயரோ ஒரு கல்லில் ஏறும்போது அதைவிடப் பல மடங்கு அமுங்கும். ஆக இந்த வண்டியின் சஸ்பென்ஷன் டயர்தான், முதல் சவாரியில் பழக வேண்டியதும் அதைத்தான்.

கிளம்புவதற்கு முன் சில வேலைகள். சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட்டை வெளியே இழுத்துப் பாருங்கள். அலுமினியப் போஸ்ட் என்றால் கிரீஸோ ஆன்டி-சீஸோ (உலோகங்கள் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பசை) தடவியிருக்க வேண்டும், ஏனென்றால் ஈரம் பட்டால் அலுமினியம் டைட்டானியத்துக்குள்ளேயே அரித்து இறுகிக்கொள்ளும், அப்புறம் கழற்றுவது பெரும்பாடு. கார்பன் போஸ்ட்டுக்கு அதற்கென்று உள்ள பேஸ்ட். என் வண்டி முதல் நாள் ஒவ்வொரு மிதிக்கும் கிறீச் கிறீச் என்றது, வெல்டிங்தான் விட்டுவிட்டது என்று பயந்து டார்ச் அடித்துத் தேடினேன், கடைசியில் பார்த்தால் காய்ந்துபோன சீட் போஸ்ட். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மின் போல்ட்டுகளை, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால், ஸ்டெம்மில் எழுதியிருக்கும் அளவுக்கு முறுக்குங்கள், பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர்தான். டிஸ்க் பிரேக் புதிது என்றால் சமதரையில் ஓரளவு வேகமெடுத்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் நடை வேகம் வரை குறைத்து, இதையே பத்துப் பதினைந்து முறை செய்யுங்கள். செய்யாமல் இறக்கத்துக்குப் போகாதீர்கள்.

இனி காற்று. ஆள் 75 கிலோ, 29 அங்குலச் சக்கரம், 2.4 டயர், ட்யூப்லெஸ் என்றால் முன்னால் 20, பின்னால் 22 பிஎஸ்ஐ நல்ல தொடக்கம். எடை கூடினால் கொஞ்சம் கூட்டுங்கள். ட்யூப் போட்டிருந்தால் இன்னும் இரண்டு மூன்று கூடுதலாக வையுங்கள், இல்லையென்றால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே நசுங்கி ட்யூபில் பாம்புக்கடி போல இரண்டு ஓட்டை விழும். பத்து நிமிடச் சுற்று ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், அதில் கொஞ்சம் தார், கொஞ்சம் சரளை, வேர் பின்னிய மண் பாதை, ஒரு கூர்மையான வளைவு எல்லாம் இருக்க வேண்டும். ஒரே சுற்றைத் திரும்பத் திரும்ப ஓட்டுங்கள், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்றரை பிஎஸ்ஐ குறைத்துக்கொண்டே வாருங்கள். காற்றை அளக்க ஒரே கேஜ்தான், மாற்றாதீர்கள், இரண்டு கேஜ்கள் ஒத்துப்போய் நான் பார்த்ததே இல்லை. எங்கேயாவது ரிம் டங்கென்று இடித்தாலோ, வளைவில் முன் டயர் மடிந்து வழுக்குவது போலத் தோன்றினாலோ அதற்குக் கீழே போகக் கூடாது, ஒன்றிரண்டு ஏற்றிவிட்டு எண்ணைக் குறித்து வையுங்கள். முன் டயர் எப்போதும் பின்னதைவிடக் குறைவாக இருக்கட்டும். பின்னால் அடி வந்தால் எழுந்து நின்று காலில் வாங்கிக்கொள்ளலாம், கைக்கு அந்த வசதி கிடையாது. தாரில் இந்தக் காற்றோடு வண்டி கொஞ்சம் இழுக்கும்தான். பாதையின் மோசமான பகுதிக்கு ஏற்றபடி காற்று வைப்பதுதான் என் கட்சி.

ஓட்டும் விதமும் மாற வேண்டும். சஸ்பென்ஷனில் பழகியவர்கள் கல்லைப் பார்த்ததும் பிரேக்கை அழுத்தி ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிப்பார்கள், ரிஜிட்டில் அது நேராக முழங்கைக்கு வந்து சேரும். வேருக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வேர்மேல் பிரேக்கை விட்டுவிடுங்கள், உருளும் சக்கரம் ஏறிப்போய்விடும், பிடித்த சக்கரம் முட்டிக்கொண்டு நிற்கும். முழங்கை மடங்கியிருக்கட்டும், குதிகால் தாழ்ந்திருக்கட்டும், ஒரு விரல் மட்டும் பிரேக்கில். சக்கரத்துக்கு முன்னால் உள்ள கல்லைப் பார்க்காமல் நாலைந்து நொடி தள்ளிப் பாருங்கள், வழி தானாகத் தெரியும். சஸ்பென்ஷன் இல்லாததற்குப் பலனும் உண்டு: பிரேக் பிடித்தால் முன்பக்கம் அமுங்காது, வளைவுக்குள் ஹெட் ஆங்கிள் (ஃபோர்க் சாய்ந்திருக்கும் கோணம்) மாறாது, ஏற்றத்தில் எழுந்து மிதித்தால் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் அந்த ஃபோர்க் எதையும் விழுங்காமல் வண்டி சட்டென்று முன்னே பாயும். அந்தப் பாய்ச்சலுக்காகவே சிலர் ஏற்றத்தைத் தேடிப் போகிறார்கள். (நான் அந்தக் கட்சியில் இல்லை.)

காற்று சரியான பிறகுதான் ஃப்ரேமைப் பற்றி யோசிக்கவே தொடங்க வேண்டும். சீட்டில் உட்கார்ந்து ஓட்டும்போது இன்னும் குத்தினால் முதலில் போஸ்ட்டைச் சந்தேகப்படுங்கள். வெளியே நீளமாக நீட்டிக்கொண்டிருக்கும் 27.2 மில்லிமீட்டர் போஸ்ட், 31.6-ஐவிட நன்றாகவே வளைந்துகொடுக்கும். கைதான் பிரச்சினை என்றால் தடித்த சிலிகான் கிரிப் மலிவான மருந்து.

வீடு திரும்பியதும் போல்ட்டுகளை இன்னொரு முறை பாருங்கள், ரிம்மில் எங்காவது நெளிவு இருக்கிறதா என்று விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். கேபிள் உரசி ஃப்ரேமில் கீறல் விழுந்திருந்தால் மனம் உடைய வேண்டாம். டைட்டானியம் துருப்பிடிக்காது. பிரஷ் செய்த பூச்சில்லாத ஃப்ரேம் என்றால், பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்க்ரப்பரை எடுத்து, ஏற்கெனவே தெரியும் கோடுகளின் திசையிலேயே மெதுவாகத் தேய்த்தால் கீறல் போய்விடும்.