கதையில் ஒருவரைச் சாகடிப்பதா வேண்டாமா: முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

கதை எழுதுகிற எல்லோருக்கும் இந்த நினைப்பு வரும். முக்கால்வாசி எழுதியாயிற்று, அடுத்து என்ன என்று தெரியவில்லை, சரி, அப்பாவைச் சாகடித்துவிடலாம். எங்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கதை என்றால் அதற்கு வழியும் தயாராக இருக்கிறது. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரி, ஒகேனக்கல்லில் கவிழும் பரிசல், தேன்கனிக்கோட்டைப் பக்கம் என்றால் யானை. எல்லாமே நிஜத்தில் நடப்பவைதான். ஆனால் ஊரில் நடக்கிறது என்பதாலேயே உங்கள் கதையிலும் நடக்க வேண்டும் என்றில்லை. சாகப்போகிறவரைப் பார்த்து இந்த முடிவை எடுக்காதீர்கள், அவருக்குப் பின்னால் மிச்சமிருக்கப் போகிறவர்களைப் பார்த்து எடுங்கள். கீழே சொல்வதெல்லாம் அதை எப்படிப் பார்ப்பது என்பதுதான்.

முதலில் அந்தப் பாத்திரத்தை ஓசூருக்கு பஸ் ஏற்றிவிடுங்கள். அதாவது, அவர் சாகவில்லை, ஓசூரிலோ பெங்களூரிலோ வேலை கிடைத்துப் போய்விட்டார், எப்போதாவது ஒரு போன், அவ்வளவுதான் என்று வைத்துக்கொண்டு அதற்கப்புறம் வரும் பக்கங்களை யோசித்துப் பாருங்கள். கதை அப்படியே ஓடுகிறது என்றால் உங்களுக்குத் தேவைப்பட்டது அவர் அங்கே இல்லாமல் இருப்பது மட்டும்தான், அதற்கு ஒரு உயிர் போக வேண்டியதில்லை. பாதிக் கதைகளில் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும்.

தீராவிட்டால், செத்த பிறகு வரும் நாட்களை எழுதுங்கள். சாவுக் காட்சியை இப்போது தொடவே வேண்டாம், அதை எழுதுவது சுலபம், எழுதி முடித்ததும் நமக்கே கண் கலங்கி நன்றாக வந்துவிட்டது என்று தோன்றும், அந்தக் கலக்கத்தை நம்பி முடிவெடுக்கக் கூடாது. காரியம் முடிந்து, பந்தல் பிரித்து, உறவுக்காரர்கள் எல்லாம் கிளம்பிப் போன மறுநாள் காலை அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதில் ஆரம்பியுங்கள்.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். அஞ்செட்டிப் பக்கம் ஒரு மலையோரக் கிராமம். ராகி முற்றும் காலம், பன்னேருகட்டா காட்டிலிருந்து யானைகள் இந்தப் பக்கம் இறங்கும் காலமும் அதுதான். மாதையன் தினமும் ராத்திரி ராகிக்கொல்லையில் பரண் மேல் காவலுக்குப் படுக்கிறார். மகன் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான், அப்பாவோடு பேச்சு இல்லை. நீங்கள் மாதையனை யானையிடம் கொடுக்க நினைக்கிறீர்கள்.

இப்போது அந்த மறுநாள் காலையை எழுதுங்கள். கொல்லையில் பாதிக் கதிர் இன்னும் நிற்கிறது. இன்று ராத்திரி பரணில் யார் படுப்பது? யானை மறுபடி வரும், அதற்குத் துக்கம் தெரியாது. மாதையனின் மனைவி பேட்டரி லைட்டைச் சார்ஜில் போடுகிறாள், மகன் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். பட்டா தாத்தா பேரிலேயே இருக்கிறது என்பது இப்போதுதான் அவனுக்குத் தெரிகிறது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வனத்துறை இழப்பீடு என்று ஒவ்வொரு மேசையிலும் அப்பாவின் பெயரை அவன் வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது, இத்தனை வருடம் சொல்லாத பெயர். இதை எழுத எழுத உங்களுக்கு மேலே மேலே வருகிறது என்றால் மாதையனின் சாவு கதைக்குத் தேவை. "மகன் கதறி அழுதான், காலம் ஓடியது" என்பதோடு நின்றுவிட்டால் தேவையில்லை.

அதே இடத்தில் இன்னொரு கதையையும் எழுதிப் பாருங்கள். யானை தள்ளிவிட்டதில் இடுப்பெலும்பு முறிந்து மாதையன் பிழைத்துக்கொள்கிறார், வீட்டுத் திண்ணையில் கிடக்கிறார், மகன்தான் பரணுக்குப் போகிறான், கீழே கிடந்தபடியே அவர் அவனை அதட்டுகிறார். பேச்சில்லாத இரண்டு பேர் பேசியே ஆக வேண்டும். எனக்கு இந்த இரண்டாவதுதான் பிடிக்கிறது, உயிரோடு இருக்கிற ஆள் எதிர்த்துப் பேசுவார், செத்தவர் பேச மாட்டார். ஆனாலும் இரண்டையும் எழுதிப் பார்க்காமல் இதைச் சொல்ல முடியாது.

இன்னொரு சோதனை எங்கள் ஊர்க் கற்களிலேயே இருக்கிறது. இந்த இரண்டு மாவட்டங்களிலும் நடுகற்கள் நிறைய. தர்மபுரி அகழ்வைப்பகத்திலும் வைத்திருக்கிறார்கள், ஒருமுறை போய்ப் பாருங்கள். எழுத்துள்ள கல்லில் பெரும்பாலும் சில வரிகள்தான்: எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, இவன் யாருடைய ஆள், எந்த மாட்டு மந்தையை மீட்கப்போய் விழுந்தான். உங்கள் பாத்திரத்துக்கும் அப்படி ஒரு கல் எழுதுங்கள். யார், எதற்காகச் செத்தார், இந்தக் கல்லை நட்டது யார். கதைக்குள் கல் நட ஒரு ஆள்கூட இல்லை என்றால், அந்தச் சாவை வாசகரும் அடுத்த அத்தியாயத்தில் மறந்துவிடுவார். யாருமே இல்லாமல் போவதுதான் உங்கள் கதையே என்றால் அது வேறு.

தகடூர் அதியமான் இறந்தபோது ஔவையார் பாடியது புறநானூற்றில் 235ஆம் பாட்டு. தகடூர் என்பது இன்றைய தர்மபுரிதான், அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன், சாவை எழுத விரும்புகிறவர்கள் இதை எழுத்தெண்ணிப் படிக்க வேண்டும். போர்க்களக் காட்சி அதில் கிடையாது. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட அவனும் மகிழ்ந்து குடிப்பான், நரந்தம் மணக்கும் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவிக் கொடுப்பான், இப்படியே போகிறது. அப்புறம்தான் வேல் வருகிறது. அவன் மார்பில் பாய்ந்த அந்த வேல் பாணர்களின் உண்கலத்தைத் துளைத்து, இரப்பவர்களின் கையைத் துளைத்து, புலவர்களின் நாவில் போய் விழுந்ததாம். உங்கள் கதையிலும் வேல் யார் யாரைத் துளைத்துக்கொண்டு போகிறது என்று பெயர் பெயராக எழுதுங்கள். அந்தப் பெயர்கள் உங்களுக்குக் கிடைக்கவில்லை என்றால் முதலில் அந்தப் பாத்திரத்தின் பழக்கவழக்கங்களை எழுதுங்கள், அவர் கை யார் தலையைத் தடவியது என்று தெரியட்டும்.

திடீர் அதிர்ச்சிக்காக யாரையும் கொல்ல வேண்டாம். பாரதக் கூத்தில் கர்ணன் சாவான் என்பது முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குக்கூடத் தெரியும், இருந்தும் அவன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் இடத்துக்காக விடிய விடியக் கண் விழித்திருக்கிறோம். துரியோதனன் சாகும் படுகளத்தன்று அவனுடைய அவ்வளவு பெரிய மண் உருவத்தைத் தரையில் செய்து வைத்த பிறகு இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? தெரிந்தே வருகிற சாவு ஜனங்களை இன்னும் நெருக்கமாக இழுக்கிறது. ஆகவே சாவு வரப்போவதை முன்கூட்டியே காட்டிவிடத் தயங்காதீர்கள்.

ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருப்பேன். எங்கள் பக்கம் சாதி மாறிக் காதலித்தவர்களைப் பற்றிய கதை என்றால் கை தானாகவே யாரையாவது கொன்றுவிடுகிறது. அந்தக் கொடுமை உண்மை, அதை எழுதத்தான் வேண்டும். ஆனால் பழக்கத்தில் எழுதாதீர்கள். அந்த இரண்டு பேரும் ஓசூரில் ஒரு வாடகை வீட்டில் உயிரோடு இருந்தால், வீட்டுக்காரர் "எந்த ஊரு தம்பி, என்ன ஆளுங்க?" என்று கேட்டால், பிரசவத்துக்கு யார் வந்து கூட இருப்பார்கள் என்ற கேள்வி எழுந்தால், அதை எழுதும் பொறுமை நமக்கு இருக்கிறதா? அதையும் எழுதிப் பார்த்துவிட்டு, அதற்கப்புறமும் சாவுதான் உண்மை என்று பட்டால் எழுதுங்கள். ஆணுக்குப் புத்தி வருவதற்காகப் பெண் சாகும் கதைகளுக்கும் இதையே சொல்வேன்.

சரி, எல்லாம் பார்த்தாயிற்று, சாகத்தான் வேண்டும் என்று முடிவு. அப்படியானால் சாவதற்கு முந்தின அத்தியாயத்தில் அவரைத் திடீரென்று நல்லவராக்காதீர்கள், வாசகர் உடனே கண்டுபிடித்துவிடுவார். கடன் வாங்கியதைத் திருப்பித் தராதவர், தராதவராகவே சாகட்டும், மறுநாள் கடன் கொடுத்தவர் வாசலில் வந்து கேட்கவும் முடியாமல் போகவும் முடியாமல் நிற்கட்டும். சாவுக் காட்சியைச் சுருக்கமாக எழுதுங்கள். சாகிறவர் நீளமாகப் பேச வேண்டாம். அப்புறம் சாவுக்குப் பின் வரும் பக்கங்களில் அவர் பெயர் எங்கெங்கே வருகிறது என்று தேடிப் பாருங்கள். பத்து பக்கம் வரை யாருமே அவரை நினைக்கவில்லை என்றால், ஒன்று அந்தப் பக்கங்களைத் திருத்துங்கள், இல்லையா, அவரைப் பிழைக்க வைத்துத் திரும்ப எழுதுங்கள்.