மருத்துவர் கையிலிருந்து வரும் புத்தகம்: அமெரிக்காவில் புதிதாகக் குடியேறும் செட்டிநாட்டுப் பெற்றோருக்கு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் பக்கத்திலிருந்து கைக்குழந்தையோடு அமெரிக்காவில் வந்திறங்கும் இளம் பெற்றோரும், மகளின் பிள்ளைப்பேற்றுக்குத் துணையாக வந்து சில மாதங்கள் தங்கும் ஆயாவும் ஐயாவும், வீடு, கார், வங்கிக் கணக்கு, இந்திய மளிகைக் கடை என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டுதான் வருகிறார்கள். குழந்தை மருத்துவரைப் பற்றி மட்டும், காய்ச்சல் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் இந்த நாட்டில் நோயில்லாத குழந்தையைத்தான் முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அப்படிக் காட்டப் போகும் இடத்தில், ஊசியோடும் எடை பார்ப்பதோடும் சேர்த்து, ஒரு புத்தகமும் கையில் தரக்கூடும். அந்தப் புத்தகம் ஏன் தரப்படுகிறது, அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது, அது கிடைக்காவிட்டால் என்ன செய்யலாம் என்பவற்றைத்தான் இந்தக் குறிப்பு சொல்கிறது.

நம் ஊரில் தடுப்பூசி அட்டையில் உள்ள தேதிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ தனியார் மருத்துவரிடமோ போய்வருவோம். மற்ற நாட்களில் உடம்புக்கு முடியாவிட்டால்தான் போவோம். இங்கே ‘வெல் விசிட்’ என்று சொல்லப்படும் நலப் பரிசோதனைக்குத் தனி அட்டவணை இருக்கிறது. பிறந்த சில நாட்களில் ஒரு முறை, பிறகு 1, 2, 4, 6, 9, 12, 15, 18, 24, 30 ஆகிய மாதங்களில், அதன் பின் 3, 4, 5 வயதுகளில் என்று அது நீளும். 2010ஆம் ஆண்டின் சுகாதாரச் சட்டத்துக்குப் பிறகு, பெரும்பாலான இன்சூரன்ஸ் திட்டங்களில், அந்தத் திட்டத்தின் நெட்வொர்க்கில், அதாவது அதோடு ஒப்பந்தம் செய்துகொண்டவர்களின் பட்டியலில், உள்ள மருத்துவரிடம் இந்தப் பரிசோதனைக்குக் கோபே (ஒவ்வொரு சந்திப்புக்கும் நம் கையிலிருந்து கட்டும் பங்கு) கட்ட வேண்டியதில்லை. ஒரு எச்சரிக்கை: அதே சந்திப்பில் நெடுநாள் இருமல், தோல் அரிப்பு என்று வேறொரு தொல்லையையும் எடுத்துச் சொல்லிச் சிகிச்சை கேட்டால், அதற்கெனத் தனியாக ஒரு பில் வரலாம். சொல்லாமல் மறைக்க வேண்டும் என்பதில்லை. பில் வந்தபின் திகைக்காமல் இருப்பதற்காகச் சொல்கிறேன்.

இந்தப் பரிசோதனைகளோடு புத்தகத்தைச் சேர்த்த ஏற்பாட்டுக்கு ‘ரீச் அவுட் அண்ட் ரீட்’ என்று பெயர். 1989இல் பாஸ்டன் நகர மருத்துவமனையில், பேரி ஸக்கர்மேன், ராபர்ட் நீடில்மேன் ஆகிய குழந்தை மருத்துவர்களும் சில கல்வியாளர்களும் சேர்ந்து இதைத் தொடங்கினார்கள். அவர்களுடைய கணக்கு எளிமையானது. பள்ளியில் சேருவதற்கு முன்னால், ஏழைக் குடும்பம் பணக்காரக் குடும்பம் என்ற வேறுபாடில்லாமல், ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் திரும்பத் திரும்ப வந்துபோகும் ஒரே இடம் மருத்துவரின் அறை. ஆகவே வாசிப்பைப் பற்றிப் பெற்றோரிடம் பேசுவதற்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது. தொடக்கத்தில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான பரிசோதனைகளில் புத்தகம் கொடுத்தார்கள். அந்த அட்டவணைப்படி பார்த்தால் ஒரு குழந்தைக்குப் பத்துப் புத்தகம். இப்போது பிறந்த குழந்தையிலிருந்தே தொடங்கும் இடங்களும் இருக்கின்றன. குழந்தை பிறந்ததிலிருந்தே சேர்ந்து உரக்க வாசிக்கும்படி பெற்றோருக்குச் சொல்வது குழந்தை மருத்துவத்தின் இன்றியமையாத பகுதி என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2014இல் கொள்கையாகவே அறிவித்தது.

அறைக்குள் என்ன நடக்கிறது

முதல் முறை பார்ப்பவர்களுக்கு இது கொஞ்சம் விநோதமாக இருக்கும். ஆறு மாதக் குழந்தையைக் காகிதம் விரித்த மேசையில் உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டிருப்பீர்கள். மருத்துவர் உள்ளே வந்ததும் ஸ்டெதாஸ்கோப்பை எடுப்பதற்கு முன்பே, கெட்டி அட்டையில் குழந்தை முகங்கள் அச்சிட்ட சின்னப் புத்தகம் ஒன்றைக் குழந்தையின் முன் நீட்டுவார். குழந்தை அதை எட்டிப் பிடிக்கும், ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றும், உடனே வாயில் வைத்துக் கடிக்கும். மருத்துவர் அதைத் தடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார், ஏனென்றால் அவர் பார்க்க விரும்பியதே அதைத்தான்: கண் பொருளைத் தொடர்கிறதா, கை எட்டுகிறதா, இரண்டு கையும் சேர்ந்து வேலை செய்கின்றனவா, குழந்தை அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறதா என்பதெல்லாம் அந்த அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒரு வயதுக்குப் பிறகு விரலால் படத்தைச் சுட்டுகிறதா, ஒன்றரை வயதில் கெட்டிப் பக்கங்களைத் தானே புரட்டுகிறதா, இரண்டு வயதில் நாயையும் பந்தையும் பெயர் சொல்கிறதா என்று அதே புத்தகம் வயதுக்கு ஏற்றபடி பரிசோதனைக் கருவியாகிறது. அதனால் புத்தகம் கொடுப்பதை விடைபெறும்போது தரும் மிட்டாயைப் போல நினைத்துவிட வேண்டாம். குழந்தை அப்போது அழுதுகொண்டிருந்தால், வீட்டில் அது படங்களை எப்படிப் பார்க்கிறது என்று மருத்துவரிடம் நீங்களே சொல்லலாம். அதுவும் அவருக்குத் தேவையான தகவல்தான்.

துணைக்கு வந்திருக்கும் ஆயாவுக்கு இங்கேதான் மனது கேட்காது. ஏட்டில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பழக்கத்தில் வளர்ந்தவர், பேரப்பிள்ளை புத்தகத்தைச் சப்புவதையும் அதன் மேலேயே உட்காருவதையும் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பார்? அதோடு, விஜயதசமியில் நெல்லில் எழுத வைத்துத்தானே படிப்பைத் தொடங்குவது என்ற எண்ணமும் இருக்கும். இரண்டையும் விட வேண்டியதில்லை. எழுத்தறிவிப்பது அதற்குரிய நாளில் நடக்கட்டும். மருத்துவர் இப்போது கேட்பது எழுத்தை அல்ல, மடியில் உட்கார்ந்து ஒருவர் குரலைக் கேட்டுக்கொண்டு படம் பார்க்கும் பழக்கத்தைத்தான். அந்த அட்டைப் புத்தகங்கள் கடிப்பதற்கும் எச்சிலைத் துடைப்பதற்கும் தாங்கும்படிதான் செய்யப்படுகின்றன. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: தொட்டிலை ஆட்டிக்கொண்டு மாமன் சீரையும் பிறந்த ஊர்ப் பெருமையையும் அடுக்கிக்கொண்டே போகும் நம் பக்கத்துத் தாலாட்டுகள், குழந்தையின் காதில் சொற்களைக் கொட்டுவதில் எந்தப் படப் புத்தகத்துக்கும் குறைந்தவை அல்ல. அவற்றைப் பாடத் தெரிந்த ஆயா வீட்டில் இருந்தால், புத்தகம் வந்துவிட்டது என்பதற்காக அவரை நிறுத்திவிடாதீர்கள்.

யார் பணம்

நம்மவர்களிடம் ஒரு கூச்சம் உண்டு. கொடுத்துப் பழகிய குடும்பம், சும்மா தருவதைக் கை நீட்டி வாங்கலாமா என்று அந்தப் புத்தகத்தைத் திருப்பித் தந்துவிட்டு வந்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். அந்தக் கூச்சம் தேவையில்லை. ஒவ்வொரு வியாபாரத்திலும் மகமை என்று ஒரு பங்கை எடுத்து வைத்து, அதிலிருந்து கோயிலும் பாடசாலையும் நடத்திய ஊர்க்காரர்களுக்கு, எல்லோரிடமும் சிறிது சிறிதாக எடுத்து எல்லோருக்குமாகச் செலவிடும் ஏற்பாடு புதிதல்ல. இங்கே உங்கள் சம்பளத்தில் பிடிக்கப்படும் வரியும் அந்தப் பொதுப் பணத்தில் சேர்கிறது.

ஆனால் பணம் ஒரே வழியில் வருவதில்லை என்பதையும், எப்போதும் வருவதில்லை என்பதையும் புரிந்துகொள்வது நல்லது. ரீச் அவுட் அண்ட் ரீட் லாப நோக்கமற்ற அமைப்பு. அதன் புத்தகங்களுக்கு நன்கொடை, அறக்கட்டளைகள், மருத்துவமனைகள், மாநில அரசுகள், மத்திய அரசு என்று பல கைகள் சேர்ந்து பணம் தருகின்றன. மத்திய அரசு கல்வித் துறை வழியாக நெடுங்காலம் கொடுத்துவந்த நிதி, 2011 வாக்கில் பட்ஜெட் வெட்டில் நின்றுபோனது. மாநிலங்களில் நிலைமை வெவ்வேறு. இந்த ஏற்பாடு பிறந்த மாசசூசெட்ஸ் மாநிலம் தன் பட்ஜெட்டிலேயே இதற்குத் தனித் தலைப்பில் நிதி ஒதுக்குகிறது. வேறு சில மாநிலங்கள் ‘சிப்’ எனப்படும் குழந்தைகள் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் வழியே இதைச் செய்கின்றன. 1997இல் உருவான அந்தத் திட்டத்தில், நிர்வாகச் செலவுக்கும் குழந்தைகளின் உடல்நலத்தை மேம்படுத்தும் சிறப்பு முயற்சிகளுக்கும் சேர்த்துப் பத்து சதவீதம் என்ற வரம்புக்குள் மாநிலங்கள் செலவிடலாம்; மத்திய அரசு அந்தச் செலவில் பெரும் பங்கை ஏற்றுக்கொள்ளும். புத்தகத்தைக் கல்விச் செலவாகப் பார்க்காமல் உடல்நலச் செலவாகப் பார்த்ததால் திறந்த வழி இது. என் கருத்தில், எல்லா மாநிலங்களும் இந்த வழியைப் பிடித்திருக்க வேண்டும். ஆண்டுதோறும் நன்கொடையாளரைத் தேடி அலைவதைவிடத் தடுப்பூசியைப் போல நிலையான கணக்கில் புத்தகம் வருவதுதான் முறை.

இதன் விளைவு உங்களுக்கு என்ன? பணம் குறைவாக இருப்பதால், குறைந்த வருமானக் குடும்பங்கள் வரும் சமூக சுகாதார மையங்களுக்கும் பெரிய அரசு மருத்துவமனைகளுக்கும்தான் முன்னுரிமை. மென்பொருள் வேலைக்காக வந்து புறநகரில் குடியிருப்பவர்கள் போகும் தனியார் கிளினிக்கில் இது இல்லாமலே போகலாம். இருக்கிறதா என்று அந்த அமைப்பின் இணையதளத்தில் ஊர்ப் பின்கோடு கொண்டு தேடலாம், அல்லது மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும்போதே வரவேற்பு மேசையில் கேட்டுவிடலாம். புத்தகத்துக்காக மட்டுமே மருத்துவரை மாற்ற வேண்டும் என்று சொல்லமாட்டேன். வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதும், அவசரத்துக்குத் தொலைபேசியை எடுப்பதும் அதைவிட முக்கியம். புத்தகம் தரும் இடத்தில் அதற்கென விண்ணப்பம் எதுவும் எழுத வேண்டியதில்லை. மெடிக்கெய்ட் (குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு), சிப் போன்ற காப்பீடுகளுக்கு விண்ணப்பிப்பது வேறு விஷயம். உங்கள் விசா வகையையும் மாநிலத்தையும் பொறுத்து விதிகள் மாறும் என்பதால், அதற்கு முன் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தமிழில் வாசிக்கலாமா

தாராளமாக. புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தால் அதன் சொற்களை அப்படியே படிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை; படத்தைக் காட்டி, ‘இந்தா பாரு, யானை, தும்பிக்கையை ஆட்டுது’ என்று நம் பேச்சில் சொன்னாலே போதும். வீட்டில் இரண்டு மொழி கேட்பதால் குழந்தைக்குப் பேச்சு தாமதமாவதில்லை. அக்கம்பக்கத்தில் யாராவது, பள்ளியில் கஷ்டப்படும், ஆங்கிலமே பேசுங்கள் என்று சொன்னால் சிரித்துக்கொண்டு கேட்டுவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். தமிழ் கற்ற அப்பத்தா ஊரிலிருந்தே வீடியோ அழைப்பில் ஒரு படப் புத்தகத்தைப் பிடித்து வாசித்துக் காட்டலாம். அதே புத்தகத்தின் இன்னொரு பிரதியைக் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டால் அது பக்கத்தைத் தானும் புரட்டும். ஊரிலிருந்து யார் வந்தாலும் முறுக்கு, சீப்புச் சீடையோடு இரண்டு தமிழ் அட்டைப் புத்தகங்களையும் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள்.

மருத்துவர் பேசுவது முழுதும் விளங்காவிட்டால் தலையாட்டிவிட்டு வர வேண்டாம். மத்திய அரசின் நிதியைப் பெறும் மருத்துவமனைகள், ஆங்கிலம் சரளமாக வராதவர்களுக்குக் கட்டணமின்றி மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யக் கடமைப்பட்டவை. பெரும்பாலும் தொலைபேசியிலோ திரையிலோ ஒருவர் தமிழில் பேசுவார். நேரம் பதிவு செய்யும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லிவைத்தால் அன்றைக்குக் காத்திருக்க நேராது. மருமகன் வேலைக்குப் போன நேரத்தில் மகளும் ஆயாவும் மட்டும் போக நேர்ந்தால் இது பெரிய உதவி.

மருத்துவரிடம் புத்தகம் கிடைக்காதவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. ஊர்ப் பொது நூலகத்தில் வீட்டு முகவரிச் சான்றைக் காட்டி இலவச அட்டை வாங்கிவிட்டால், கைக்குழந்தைகளுக்கான கதை நேரத்துக்கும் போகலாம். பாடகி டாலி பார்ட்டன் 1995இல் டென்னசி மாநிலத்தின் செவியர் கவுண்டியில் தொடங்கிய ‘இமாஜினேஷன் லைப்ரரி’ பல பகுதிகளில் மாதம் ஒரு புத்தகத்தை ஐந்து வயது வரை அஞ்சலில் அனுப்புகிறது. இதற்கும் பல மாநிலங்கள் அரசுப் பணம் தருகின்றன. அது உங்கள் பகுதியில் உண்டா என்பதை முகவரி கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அமெரிக்காவுக்குப் பதிலாக இங்கிலாந்துக்குப் போனவர்கள், மருத்துவரைத் தேடிப் போவதற்கு முன்பே ஹெல்த் விசிட்டர் எனப்படும் செவிலியர் வீடு தேடி வருவதைப் பார்ப்பார்கள். அங்கே 1992இல் பர்மிங்ஹாமில் 300 குழந்தைகளோடு தொடங்கிய ‘புக்ஸ்டார்ட்’ புத்தகப் பை அந்தச் செவிலியர் வழியாகவோ நூலகம் வழியாகவோ கிடைக்கும். 2010 டிசம்பரில் அரசு அதற்கான நிதியை முழுதும் நிறுத்தப் போவதாக அறிவித்து, எழுத்தாளர்களும் பெற்றோரும் எழுப்பிய கண்டனத்தால் சில நாட்களிலேயே பின்வாங்கியது. ஆனாலும் பின்னர் தொகை குறைக்கப்பட்டது. ஸ்காட்லாந்தில் ‘புக்பக்’ என்ற பெயரில் அரசு நிதியோடு தனியாக நடக்கிறது.

கடைசியாக, ஊருக்கு வரும் விடுமுறை பற்றி. காது குத்தவோ கோயில் படைப்புக்கோ குழந்தையைக் கூட்டிக்கொண்டு இரண்டு மூன்று மாதம் வந்து தங்குவது வழக்கம்தான். கிளம்பும் முன், அட்டவணையில் எந்தப் பரிசோதனை அந்த இடைவெளியில் விழுகிறது என்று பார்த்து, முன்னதாக முடிக்க முடியுமா என்று கிளினிக்கில் கேளுங்கள். தவறினால், திரும்பிய வாரத்திலேயே நேரம் வாங்குங்கள். தவறிய பரிசோதனையோடு அந்த வயதுக்குரிய புத்தகமும் போய்விடக்கூடும். காரைக்குடியில் ஏதாவது தடுப்பூசி போட்டிருந்தால், மருந்தின் பெயர், தேதி, மருத்துவரின் கையெழுத்து மூன்றும் தெளிவாக உள்ள அட்டையைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்துக் கைப்பையில் எடுத்து வாருங்கள், செக்கின் பெட்டியில் போடாதீர்கள்.