பெரிய பைக் மீனுக்குக் கரையை ஒட்டியே வீசுங்கள்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், விடுமுறை வீடுகள் உள்ள காட்டேஜ் பக்க ஏரிகளில் கரையில் நின்று பெரிய பைக் (pike என்ற வேட்டை மீன்) பிடிக்க, தூண்டிலை நடு ஏரியைப் பார்த்து வீசாதீர்கள். நீர்ச்செடிகள் முடியும் விளிம்பை ஒட்டி, கரைக்கு இணையாக வீசுங்கள். பைக் பொதுவாக நெடுந்தூரம் துரத்தாது. செடிகளுக்குள் அசையாமல் பதுங்கி, பக்கத்தில் வரும் இரைமேல் பாயும். நேராக வீசினால் ஸ்பூன் (கரண்டி வடிவ உலோகப் போலி இரை) அந்த விளிம்பைச் சில நொடிகளில் கடந்துவிடும். இணையாக வீசினால், இழுக்கிற தூரம் முழுக்க மீனின் கண்முன்னே இருக்கும். கடைசியில் அவசரப்பட்டு வெளியே தூக்கிவிடாதீர்கள், மீன் பின்னாலேயே வந்து காலடியில் கடிப்பதும் உண்டு. அப்புறம், தூண்டில் நரம்பின் முனையில் ஓர் அடி நீளக் கம்பி கட்டாயம். பைக்கின் பற்கள் நைலான் நரம்பை எளிதாக அறுத்துவிடும்.

இது பனி உருகிய பிறகு வரும் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும்தான் எடுபடும். ஜூலை, ஆகஸ்டில் கரையோர நீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டால் பெரியவை குளிர்ந்த ஆழத்துக்கு இறங்கிவிடும். பக்கத்திலேயே சட்டென்று ஆழமாகும் பாறைக்கரை இருந்தால் சரி, இல்லையென்றால் சிறுசுகள்தான் கிடைக்கும். பிடிக்கலாமா, எத்தனை வைத்துக்கொள்ளலாம் என்பது மீன்பிடி மண்டலத்துக்கு மண்டலம் மாறும், பார்த்துக்கொள்ளுங்கள்.