உடலைப் புதைத்துவிட்டுப் புகாருக்கு ஓடாதீர்கள்: விலங்கு வதைப் புகாரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கடலூர் கம்மியம்பேட்டைப் பக்கத்திலிருந்து இரண்டு கல்லூரிப் பெண்கள் என் கடைக்கு வந்தார்கள். அவர்கள் தெருவில் ஒரே இரவில் நான்கு நாய்கள் செத்திருந்தன. கறியில் மருந்து கலந்து வைத்தது யார் என்று தெருவுக்கே தெரியும். ஒரு வீட்டு கேமராவில் பதிவும் இருந்தது.

“உடம்பெல்லாம் எங்கேம்மா?” என்றேன்.

“புதைச்சிட்டோம் அண்ணா. அப்படியே போட்டு வைக்க மனசு வரல.”

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் எந்த முகத்தோடு அவர்களைத் திட்டுவது? பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் இதையே நானும் செய்தவன்தான்.

அடிபட்ட மாட்டுக்குக் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-ஐ அழையுங்கள், அடிப்பவனோடு கைகலப்புக்குப் போகாதீர்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். புதிதாக இறங்குகிறவர்கள் திரும்பத் திரும்பச் சறுக்கும் இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

பரிசோதனைக்கு முன் புதைப்பது

எங்கள் தெருவில் அன்று மூன்று நாய்கள் செத்தன. அதில் ஒன்று கடை வாசலிலேயே வளர்ந்தது. அழுதுகொண்டே மஞ்சள் பூசி, மாலை போட்டு, கெடிலம் கரையில் குழி தோண்டிப் புதைத்தோம். வாசலில் கிடந்த வாந்தியை என் மனைவி பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டாள். மிச்சக் கறியை நான்தான் பொறுக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டேன், அதுவும் வெறும் கையால். எவ்வளவு பொறுப்பான ஆள் பாருங்கள்!

மூன்றாம் நாள் பத்துப் பேர் கையெழுத்தோடு காவல் நிலையத்துக்குப் போனோம். அங்கே இருந்தவர் மனுவை முழுதாகப் படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: “விஷம்தான்னு எந்த டாக்டர் சொன்னாரு?” பதில் இல்லை. ஐந்தாம் நாள் தோண்டி எடுத்தோம். வெயில் காலம் வேறு. கால்நடை மருத்துவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்துவிட்டு, “இதுல எதை எடுத்து அனுப்பச் சொல்றீங்க?” என்றார். கறி வைத்தவர் அடுத்த வாரமே என் கடையில் வந்து பால் பாக்கெட் வாங்கினார். சில்லறை கொடுத்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

சரி, என்ன செய்திருக்க வேண்டும்?

முதலில் எதையும் கழுவக்கூடாது. கறித்துண்டு கிடந்தால் கிடந்த இடத்திலேயே படம் எடுத்துவிட்டு, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் தொட்டியைக் கவிழ்த்து, மேலே கல் வையுங்கள். இல்லாவிட்டால் காக்காயும் சாகும், தடயமும் போகும். தொடவே வேண்டாம். வயலுக்குப் போடும் குருணை மருந்து, பூச்சிமருந்து வகைகளில் பல தோல் வழியாகவே உடம்பில் ஏறும். போலீஸ் வந்து சாட்சி வைத்து எடுத்தால்தான் அதற்கு மதிப்பு.

அடுத்து உடல். பிளாஸ்டிக் தாளில் சுற்றி, நிழலில், சுற்றிலும் ஐஸ் போட்டு வையுங்கள். கடலூர்க்காரனுக்கு ஐஸுக்கா பஞ்சம்? முதுநகர் துறைமுகத்துப் பக்கம் போனால் மீனுக்குப் போடும் ஐஸும் கிடைக்கும், தெர்மோகோல் பெட்டியும் கிடைக்கும். ஃப்ரீசரில் வைக்க வேண்டாம். உறைந்து இளகினால் திசுக்கள் கெட்டுப்போகும். ஒரு தம்பி ஆர்வக்கோளாறில் எங்கிருந்தோ ஃபார்மலின் வாங்கி வந்து ஊற்றப் பார்த்தான். நஞ்சு சோதனைக்கு ஃபார்மலின் எதிரி. அதற்கு உறுப்புகளை உப்புக் கரைசலில்தான் போடுவார்கள். அது மருத்துவர் வேலை, நமக்கு எதற்கு?

இனிமேல்தான் பந்தாட்டம். போலீஸ் கடிதம் இல்லாமல் பிரேதப் பரிசோதனை செய்யமாட்டேன் என்பார் மருத்துவர். மருத்துவர் அறிக்கை இல்லாமல் மனுவை வாங்கமாட்டேன் என்பார் ஏட்டு. இதற்கு நான் கண்டுபிடித்த வழி, புகாரிலேயே ஒரு வரி சேர்ப்பது: ‘உடல் இன்ன இடத்தில் ஐஸில் வைக்கப்பட்டுள்ளது, அதைப் பிரேதப் பரிசோதனைக்கும், உள்ளுறுப்புகளைத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கும் அனுப்பக் கோருகிறேன்.’ எழுத்தில் இப்படி வந்துவிட்டால், அழுகிப்போனதற்கு நாளைக்கு யார் பதில் சொல்வது என்ற யோசனை அவர்களுக்கும் வந்துவிடும். கடிதம் கிடைத்த கையோடு அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். நாள் கடந்தால் நமக்கும் அதே மூக்குப் பொத்தல்தான்.

ஏதாவது ஒரு நாய் உயிரோடு வாயில் நுரை தள்ளி, கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கிக் கிடந்தால், இதெல்லாம் அப்புறம். முதலில் டாக்டர். கண்மணி சுருங்கியிருந்ததை மறக்காமல் அவரிடம் சொல்லுங்கள். சில பூச்சிமருந்துகளுக்கு அட்ரோபின் ஊசி வேலை செய்யும்.

அந்தப் பெண்கள் வந்துபோன நான்காம் நாள், விடியற்காலை ஐந்து மணிக்குப் போன் வந்தது. இன்னொரு குட்டி செத்துவிட்டதாம். “அண்ணா, ஐஸ் எவ்வளவு வாங்கணும்?” என்றுதான் பேச்சையே ஆரம்பித்தாள்.

வதைத் தடுப்புச் சட்டத்தை மட்டும் எழுதுவது

1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் நல்ல சட்டம்தான், பல்தான் இல்லை. 11-ஆம் பிரிவில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். இரண்டு பேர் டீயும் வடையும் சாப்பிட்டால் அதைவிடக் கூட ஆகும். அந்தப் பிரிவில் வரும் பெரும்பாலான குற்றங்களுக்குப் போலீஸ் தானாகக் கைது செய்யவும் முடியாது.

கொன்றிருந்தால், விஷம் வைத்திருந்தால், ஊனமாக்கியிருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 325-ஆம் பிரிவையும் சேர்த்து எழுதுங்கள். 1.7.2024 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பழைய தண்டனைச் சட்டத்தின் 428, 429-ஆம் பிரிவுகளை இன்னமும் எழுதிக்கொண்டு வருகிறார்கள். நிலையத்தில் சிரிக்கிறார்கள்.

இன்னொன்று. சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கி பர்ஸில் வைத்துக்கொண்டு, ‘கேஸ் போட்டாச்சு’ என்று நிம்மதியாகத் தூங்காதீர்கள். அது மனு வந்ததற்கான ரசீது, எஃப்.ஐ.ஆர். அல்ல. எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் புகாரின் சாரத்தை எழுதி எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். அங்கேயும் நகரவில்லையென்றால் மாஜிஸ்திரேட். வதைத் தடுப்புச் சட்டப்படி வழக்குத் தொடுக்க, சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதம்தான் கெடு. பொங்கலுக்கு நடந்ததைச் சித்திரை முடிந்து கொண்டுவந்தவர்கள் உண்டு.

எல்லைக்கு எல்லை அலைவது

நம் ஊர்ப் பக்கத்துக்கே உரிய தலைவலி இது. முள்ளோடை தாண்டினால் வேறு அரசு, வேறு போலீஸ். பாகூர் பக்கம் போனால் எந்த வயல் தமிழ்நாடு, எந்த வயல் புதுச்சேரி என்று வரப்புக்கே தெரியாது. கால் உடைந்த குதிரையை வண்டியில் பூட்டி அடித்த ஒரு விஷயத்துக்காக நான் ஒரே நாளில் மூன்று நிலையம் ஏறி இறங்கினேன். மூன்றிலும் ‘எங்க லிமிட் இல்லை.’

போலீஸ் தானாகக் கைது செய்யக்கூடிய குற்றமென்றால் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். எல்லை பார்க்காமல் ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ போட்டு உரிய இடத்துக்கு மாற்றுவது அவர்கள் வேலை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், நாற்காலி தருவார்கள். குறைந்தது துரத்தமாட்டார்கள்.

வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு அழிப்பது

அனுப்பியது சுருங்கிப்போன நகல். மூலப் பதிவு எடுத்த போனிலேயே இருக்கட்டும், வழக்கு முடியும்வரை அந்தப் போனை எக்ஸ்சேஞ்சில் போடாதீர்கள். நீதிமன்றத்தில் கொடுக்கும்போது புதிய சாட்சிய சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழும் வேண்டும்.

மனுவில் கதை எழுதுவது

‘ஈவு இரக்கமற்ற கொடூர மிருகம்’ என்று எதிராளியைத் திட்டினால் மிருகத்துக்குத்தான் அவமானம். தேதி, நேரம், இடம், கண்ணால் பார்த்தது. ஒரு பக்கம் போதும்.

ஆமைக்குப் போலீஸைத் தேடுவது

தேவனாம்பட்டினம் கடற்கரையில் பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) செத்து ஒதுங்கினால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். 1972 வனஉயிரின சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. கரையில் நிற்கும் மீனவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ஆமை எந்தப் பக்கம் ஏறும் என்று உங்களுக்குச் சொல்லப்போகிறவர் அவர்தான்.

மாட்டு லாரியை நடுரோட்டில் மறிப்பது

வேண்டாம். வண்டி எண், நேரம், போகும் திசை: 112.

முகத்தைப் போட்டு ‘இவனைத் தெரியுமா’ என்று பரப்புவது

ஒருமுறை ஆள் மாறிவிட்டது. மன்னிப்புக் கேட்க வீட்டுக்கே போக வேண்டியிருந்தது.