உடம்புக்கு முடியாத நேரத்தில் கிறிஸ்துமஸ் விருந்து: 12 பேருக்கு ஓர் எளிய பஃபே

ராமநாதபுரம் கடற்கரையில் தங்கச்சிமடம், பாம்பன், மூக்கையூர்ப் பக்கமெல்லாம் டிசம்பர் 24 ராத்திரி பூசை முடிந்து வீடு திரும்ப நள்ளிரவு தாண்டிவிடும். மறுநாள் மத்தியானம் அத்தை வீடு, மச்சான் வீடு, பேரப்பிள்ளைகள் என்று பன்னிரண்டு பேர் சாப்பாட்டுக்கு வந்து நிற்பார்கள். சமைக்க வேண்டியவருக்கோ மூக்கடைப்பும் உடம்பு வலியும். மழையும் வாடைக்காற்றும் சேர்ந்த மாதத்தில் இது எந்த வீட்டிலும் நடக்கிற காரியம்தான். விருந்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. இலை போட்டுப் பரிமாறுவதை மட்டும் விட்டுவிட்டு, மேசையில் வைத்து அவரவர் எடுத்துச் சாப்பிடும்படி மாற்றினால் போதும். படுத்திருப்பவர் மொத்தமாக அரை மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் முடிக்கிற கணக்கு கீழே இருக்கிறது.

முதலில் காய்ச்சலைப் பாருங்கள்

வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தால், அது நின்று 48 மணி நேரம் ஆகும்வரை அந்த ஆள் சமையல் பாத்திரத்தைத் தொடவே கூடாது. ‘கையைக் கழுவிட்டேன்ல’ என்ற சமாதானம் இதில் செல்லாது. சளி, இருமல், காய்ச்சல் மட்டும் என்றால் முகக்கவசம் போட்டுக்கொண்டு சமையலறை வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை சொல்லலாம். வெங்காயம் உரிப்பதுகூட வேறு கையில் இருக்கட்டும்.

இந்த மாதங்கள் டெங்குவுக்கும் உரியவை. காய்ச்சல் இரண்டு மூன்று நாள் நீடித்தால் விருந்துப் பட்டியலுக்கு முன்னால் மருத்துவரைப் பாருங்கள். டெங்குவா இல்லையா என்று தெரியும்வரை பாராசிட்டமால் தவிர, இபுபுரூஃபன், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளைத் தொடாதீர்கள். இன்னொன்று: டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற சமயம்தான் ஆபத்தான கட்டம். ‘சூடு விட்டுருச்சு, எழுந்து வேலையைப் பார்ப்போம்’ என்று தோன்றுவதும் அன்றைக்குத்தான். கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், ஆளை அசத்துகிற சோர்வு, இவற்றில் ஒன்று இருந்தாலும் விருந்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

படி 1: பட்டியலைச் சுருக்குங்கள்

கடைசி நிமிடத்தில் அடுப்பருகே நிற்க வைக்கிற எதுவும் வேண்டாம். மீன் பொரியல், வடை, பூரி மூன்றையும் இந்த வருஷம் அடித்துவிடுங்கள். மீன் பொரியல் இல்லாமல் கிறிஸ்துமஸா என்று யாராவது கேட்டால், தோசைக்கல்லையும் எண்ணெயையும் அவர் கையிலேயே கொடுக்கலாம்.

12 பேருக்கு இது தாராளம்:

- பிரியாணி, வெளியில் சொல்லிச் செய்வது: 1½ கிலோ அரிசி, 1½ முதல் 2 கிலோ கறி
- வெள்ளைச் சோறு: ¾ கிலோ அரிசி
- மீன் குழம்பு: சுத்தம் செய்த மீன் 1½ கிலோ
- அவித்த முட்டை: 15
- தயிர் வெங்காயம்: தயிர் 1 லிட்டர், வெங்காயம் ½ கிலோ
- மிளகு ரசம்: 2 லிட்டர் (முடியாதவருக்கும் வயதானவர்களுக்கும் இதுதான் சாப்பாடு)
- இனிப்பு: கேக் 1 கிலோ, கீழக்கரை தொதல் ½ கிலோ

தொதலைக் கடையில் வாங்குங்கள். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் அரிசி மாவும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்ட வேண்டிய பண்டம் அது. நன்றாகச் சுண்டிய தொதல் சில நாள் வெளியிலேயே தாங்கும் என்பதால் 22ஆம் தேதியே வாங்கி வைத்துவிடலாம்.

படி 2: போனில் முடிக்க வேண்டியவை

பிரியாணிப் பண்டாரியிடம் (விருந்துச் சமையல்காரர்) 20ஆம் தேதிக்குள் சொல்லிவிடுங்கள். அரிசி எத்தனை கிலோ, கறி எத்தனை கிலோ என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். ‘பன்னிரண்டு பேருக்கு’ என்று மட்டும் சொன்னால் ஆளுக்கு ஒரு கணக்கு வரும். ஒரே அண்டாவாக இல்லாமல் இரண்டு சட்டியாகக் கேளுங்கள், ஏன் என்பது மேசைப் பகுதியில் வருகிறது. சாப்பாடு ஒரு மணிக்கு என்றால் பிரியாணி 12.30க்கு வரட்டும். காலை பத்து மணிக்கே இறக்கிவிட்டுப் போகிறேன் என்பவரிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள், மூன்று மணி நேரத்தில் சோறும் கறியும் ஆறிக் கெடத் தொடங்கிவிடும்.

வருகிறவர்களிடம் ‘ஏதாவது கொண்டு வாங்க’ என்று சொன்னால் மூன்று கேக் வந்து சேரும். பொருள், அளவு, நேரம் மூன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘மதினி, தயிர் வெங்காயம் உங்க பொறுப்பு. அரைக்கிலோ வெங்காயத்தை நறுக்கி டப்பாவுல கொண்டு வந்துருங்க, தயிர் இங்க இருக்கு. உப்பு மட்டும் போட்டுராதீங்க.’ இப்படிச் சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், நிம்மதிதான் படுவார்கள்.

பலர் கோட்டை விடுவது காலைச் சாப்பாட்டில். சென்னையிலிருந்து ராத்திரி ரயிலில் வருகிறவர்கள் விடிந்ததும் பசியோடு இறங்குவார்கள். இடியாப்பம் விற்கிற அம்மாவிடம் ஆளுக்கு 4 என்று முதல் நாளே சொல்லி, தேங்காய்ப்பாலோ சீனியோ வைத்து முடித்துவிடுங்கள். வந்ததும் ஈரத்துணி போட்டு மூடாவிட்டால் காற்றில் காய்ந்து விறைத்துப்போகும்.

நிலத்தடி நீர் உவராக இருக்கிற ஊர்களில் 20 லிட்டர் கேன் இரண்டை 24ஆம் தேதியே இறக்கி வையுங்கள். குடிக்க, சோறாக்க, காப்பி போட எல்லாம் அதில்தான்.

படி 3: மீன்

கடற்கரையில் இருந்துகொண்டு மீனுக்குத் திட்டமா என்று தோன்றும். வாடைக்காலத்தில் காற்று எச்சரிக்கை வந்தால் விசைப்படகுகளுக்குக் கடலுக்குப் போகும் அனுமதி டோக்கன் கிடைக்காது. கிறிஸ்தவக் கிராமங்களில் பண்டிகையை ஒட்டிப் பலர் தொழிலுக்கும் போக மாட்டார்கள். ஆகவே 22 அல்லது 23ஆம் தேதியே வாங்கிவிடுங்கள்.

சீலா (சென்னையில் வஞ்சிரம்) முள் குறைவு, பிள்ளைகளுக்கு நல்லது. விளமீனும் பாறையும் குழம்புக்கு ருசி, ஆனால் முள்ளைப் பார்த்து எடுத்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். சுத்தம் செய்து 1½ கிலோ வர, முழு மீனாக 2 கிலோவுக்குக் கொஞ்சம் மேலேயே வாங்க வேண்டும். துண்டு விரல் தடிமன் இருக்கட்டும். மெலிந்தால் குழம்பில் கரைந்துபோகும்.

மீன் வாங்கப் போகிற பையனிடம் ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியைக் கொடுத்து அனுப்புங்கள். சீலா, சூரை, அயிலை மாதிரி மீன்கள் வெயிலில் வண்டிக் கொக்கியில் தொங்கிக்கொண்டு வந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். சாப்பிட்டவர்களுக்கு முகம் சிவந்து, தடித்து, தலை வலிக்கும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. கெட்ட வாடை அடித்தால்தான் ஆபத்து என்றும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கழுவி, 1½ தேக்கரண்டி உப்பும் 1 தேக்கரண்டி மஞ்சளும் தடவி, தட்டையான டப்பாவில் ஒரே அடுக்காகப் பரப்பி ஃப்ரீசரில் வையுங்கள். 24 ராத்திரி பூசைக்குக் கிளம்பும் முன் கீழ்த்தட்டுக்கு மாற்றினால் காலையில் இளகியிருக்கும். இளகும்போது வடிகிற தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். குழம்பு நீர்த்துப்போவதற்கும் கவிச்சி அடிப்பதற்கும் பெரும்பாலும் அந்தத் தண்ணீர்தான் காரணம்.

மீனே கிடைக்கவில்லையா? வீட்டில் இருக்கிற கருவாட்டில் ஒரு தொக்கு. யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

படி 4: 24 மாலை, மீன் போடாத குழம்பு

குழம்பை முதல் நாளே கொதிக்க வைத்து, மீனை மட்டும் மறுநாள் போடுவதுதான் இந்த விருந்தின் முக்கிய உபாயம். புளியும் மிளகாயும் ராத்திரி முழுக்க ஊறிச் சேரும். மீனை முதல் நாளே போட்டால் சூடுபண்ணும் ஒவ்வொரு தடவையும் உடைந்து, மேசைக்கு வரும்போது முள்ளும் தோலும்தான் மிஞ்சும்.

1. புளி 80 கிராமை 1 லிட்டர் வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்துக் கரைத்து வடிகட்டுங்கள்.

2. நல்லெண்ணெய் 100 மி.லி. காய்ந்ததும் வெந்தயம் ½ தேக்கரண்டி, கறிவேப்பிலை 2 கொத்து, சின்ன வெங்காயம் 300 கிராம், பூண்டு 20 பல் போட்டு வதக்குங்கள். வெந்தயம் செம்பொன் நிறத்தைத் தாண்டினால் குழம்பு கசக்கும். பிறகு தக்காளி 4 போட்டுக் குழைய விடுங்கள்.

3. தீயைக் குறைத்து மிளகாய்த்தூள் 3 மேசைக்கரண்டி, மல்லித்தூள் 5 மேசைக்கரண்டி, மஞ்சள் 1 தேக்கரண்டி போட்டு ஒரு நிமிடம் மட்டும் கிளறுங்கள். தூளுக்கு நம்ம ஊர் முண்டு மிளகாய் இருந்தால் நல்ல நிறம் வரும் (2023இல் புவிசார் குறியீடு பெற்றது இதுதான்).

4. புளிக்கரைசல், 300 மி.லி. தண்ணீர், தூள் உப்பு 3 தேக்கரண்டி சேர்த்து, எண்ணெய் ஓரத்தில் பிரியும்வரை 15 முதல் 20 நிமிடம் கொதிக்க விடுங்கள்.

5. அரை மூடித் தேங்காயை இன்றே அரைத்து ஃப்ரீசரில் வையுங்கள், குழம்பில் சேர்க்க வேண்டாம். சீக்கிரம் கெடுவது தேங்காய்தான். இன்றே அரைக்கச் சொல்வது, காற்றுக்காலத்தில் நாளை கரண்டு இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது என்பதால்.

6. பாத்திரத்தைத் தண்ணீர் நிரப்பிய தாம்பாளத்தில் வைத்து ஆற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். எவர்சில்வர் பாத்திரமே போதும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த மண்சட்டியை நேரே தீயில் ஏற்றினால் விரிசல் விடும்.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. மூக்கடைத்தவருக்கு வாசனை தெரியாது, வாசனை தெரியாத நாக்குக்கு எதுவுமே சப்பென்றுதான் இருக்கும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போட்டு, கடைசியில் கடல் தண்ணீராகிவிடும். சளி பிடித்திருக்கிறவர் ருசி பார்த்து உப்புப் போடவே கூடாது. தட்டித் தட்டையாக்கிய தேக்கரண்டிக் கணக்குத்தான். வாலிநோக்கம் உப்பளத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கல்லுப்பு வேண்டாம் என்று சொல்வது நியாயமில்லைதான். ஆனால் கல்லுப்பு கரண்டியில் இடைவெளி விட்டு நிற்கும், அளவு ஒவ்வொரு முறையும் மாறும். இந்த ஒரு நாள் தூள் உப்பு.

படி 5: 25 காலை

10.30 முட்டையை அவித்துப் பச்சைத் தண்ணீரில் போட்டு, பிள்ளைகளிடம் உரிக்கக் கொடுங்கள். உரித்ததை மேசைக்குப் போகும்வரை ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

11.15 ரசம் வைத்து ஃப்ளாஸ்கில் ஊற்றுங்கள்.

11.45 சோற்றுக்கு உலை. வெந்ததும், கொதிக்கும் தண்ணீரை ஊற்றி ஐந்து நிமிடம் சூடேற்றிக் கொட்டிய ஹாட் பாக்ஸில் போடுங்கள். குளிர்ந்த பெட்டியில் போட்டால் சோற்றின் சூட்டைப் பெட்டியே குடித்துவிடும்.

12.10 குழம்பை நன்றாகக் கொதிக்கவிட்டு, தேங்காய் விழுதைச் சேர்த்து 5 நிமிடம். பிறகு மீனைப் பக்குவமாக இறக்குங்கள். மிதமான தீயில் 8 முதல் 10 நிமிடம் போதும். கரண்டி போடாமல், பாத்திரத்தின் காதைத் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றுங்கள். சளி இல்லாத ஒருவர் இப்போது ருசி பார்த்து, தேவைப்பட்டால் இன்னும் 1 தேக்கரண்டி உப்பு. இறக்கி மூடி 20 நிமிடம் விட்டால் மீனில் சாறு இறங்கும்.

படி 6: மேசை

மேசையைச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். இரண்டு பக்கமும் ஆள் நடந்தால் வரிசை பாதியாகும். தட்டு, பிரியாணி, தயிர் வெங்காயம், முட்டை, சோறு, மீன் குழம்பு, ரசம் என்று ஒரே திசையில் வையுங்கள். குழம்பு முன்னால் இருந்தால் தட்டில் குழம்போடு பிரியாணிக்குக் கை நீட்டுவார்கள், சட்டை நாசமாகும். தண்ணீரும் இனிப்பும் வேறு மேசையில். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனிக் கரண்டி, தயிருக்கு உப்பு பரிமாறும் நேரத்தில்.

முற்றத்தில் போடுவதாக இருந்தால் வாடை அடிக்காத பக்கம் பாருங்கள். காகிதத் தட்டு காற்றில் பறக்கும், பாக்குமட்டைத் தட்டு கொஞ்சம் நிற்கும். எல்லாவற்றுக்கும் மூடி வேண்டும், காக்கைக்கும் அன்றைக்குப் பண்டிகைதான்.

இரண்டு சட்டி பிரியாணி கேட்டது இதற்குத்தான்: ஒன்றை மட்டும் திறங்கள், தீர்ந்தபின் அடுத்தது. ஒரே அண்டாவைத் திறந்து வைத்தால் பாதிக் கூட்டம் ஆறிய சோற்றைத்தான் சாப்பிடும்.

முடியாதவர் மேசைக்குக் கரண்டி பிடிக்க வராமல், திண்ணைக் காற்றில் தள்ளி உட்காரட்டும். யாராவது ரசச் சோற்றைக் கொண்டுபோய்க் கொடுங்கள். சுக்குமல்லிக் காப்பி ஒரு ஃப்ளாஸ்க் இருந்தால் எல்லாருக்கும் ஆகும்: 1 லிட்டர் தண்ணீருக்குச் சுக்குத்தூள் 1 மேசைக்கரண்டி, மல்லி 2 மேசைக்கரண்டி, கருப்பட்டி 100 கிராம். கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டிச் சேருங்கள், அடியில் மண் நிற்கும். சர்க்கரை நோய்க்காரர்களுக்குக் கருப்பட்டியும் இனிப்புத்தான்.

படி 7: மூன்று மணிக்குள்

சமைத்தது வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்க வேண்டாம். சோற்றில் இருக்கும் ஒரு வகைக் கிருமியின் வித்துகள் வேகும்போதும் சாகாது. ஆறிய சோற்றில் அவை பெருகி நஞ்சை விடும், திரும்பச் சூடுபண்ணினாலும் அந்த நஞ்சு அழியாது. மிஞ்சிய பிரியாணியை அகலமான பாத்திரங்களில் மெல்லிதாகப் பரப்பி ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஆழமான சட்டியில் அப்படியே வைத்தால் நடுவில் மணிக்கணக்கில் வெதுவெதுப்பு நிற்கும். ஒரு தடவைதான் சூடுபண்ணலாம். மீன் தீர்ந்து குழம்பு மட்டும் மிஞ்சினால் கொதிக்கவைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள், மறுநாள் இடியாப்பத்துக்கு ஆகும்.

பாத்திரம் கழுவுகிற வேலைக்கும் முன்கூட்டியே பெயர் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லாரும் போனபின் படுத்திருந்தவர்தான் எழுந்திருப்பார். பண்டாரியின் சட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது மூடி, கரண்டி இரண்டையும் எண்ணிக் கொடுங்கள். 26ஆம் தேதி காலை மூடியைத் தேடி ஆள் வந்து கதவைத் தட்டினால் தூக்கம் கெடும்.